சஹனில் இலை கிடையாது

“நீ என்னமோ அங்கன உக்காந்து சாப்பிட்ட மாதிரியில்லா பேசுத” என்று பெரியண்ணன் சொன்னான்.

ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மதினி வாய்க்குள் சிரித்தாள். சின்னண்ணன் தட்டிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. அம்மா என் தட்டில் இன்னொரு துண்டு மீனை வைத்தாள். பேச்சை நிறுத்த வேண்டும் என்றால் அம்மா செய்வது அதுதான்.

நான் கேட்டது சின்னக் கேள்வி. ஆடியில் நம் பக்கத்தில் யாரும் கல்யாணம் வைப்பதில்லை. பிறகு வண்டி வண்டியாக வாழை இலை எங்கே போகிறது? பெரியண்ணன் யோசிக்காமல் பதில் சொன்னான். காயல்பட்டினத்தில் பாய்மார் வீட்டுக் கல்யாணம், பெரிய இடம், அவர்களுக்கு ஆடியெல்லாம் கிடையாது, பந்திக்கு இலை முழுக்க நாம்தான் இறக்குகிறோம் என்றான். அங்கே பந்திக்கு இலை போடுவார்களா என்று கேட்டேன். அதற்குத்தான் அந்தப் பதில் வந்தது.

நான் அங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அன்றைக்கு அதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவன் வேறு ஒரு ஊரைச் சொல்லியிருப்பான், நம்பும்படியாகவும் சொல்லியிருப்பான்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்துக் கல்லூரிக்கும் போனவள் நான் ஒருத்திதான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அப்பா உப்பளத்தில் வேலை பார்த்து, அந்த வேலையிலேயே உடம்பு கெட்டுப் போய்ச் சேர்ந்தார். அம்மா இன்னும் உப்பளத்துக்குத்தான் போகிறாள். அண்ணன்கள் இரண்டு பேரும் பாதியில் நின்றவர்கள். பெரியவன் ஆலைக்குப் போனான். சின்னவன் நூல் மில்லுக்குப் போனான். கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் என்னைச் சைக்கிளில் கூட்டிப் போனவன் பெரியண்ணன். கேட்டுக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் சைக்கிளை நிறுத்திவிட்டு, “நீ உள்ள போ, நான் இங்கன நிக்கேன்” என்றான். பெற்றோர்கள் உள்ளே வரலாம் என்று வாட்ச்மேன் சொல்லியும் வரவில்லை. நான் திரும்பி வரும்போது அதே புளியமர நிழலில் நின்றுகொண்டிருந்தான்.

பின்னால் நடந்ததையெல்லாம் நினைக்கும்போது அந்த நிற்பு ஞாபகம் வருகிறது. அவன் எந்த இடத்திலும் வாசலோடு நிற்பவன்.

ஆலை மூடிய பிறகு எங்கள் பக்கத்துத் தெருக்கள் மாறிப்போயின. முன்பெல்லாம் ஆலைச் சங்கு ஊதினால்தான் எங்கள் வீட்டில் உலை வைப்பார்கள். இப்போது அந்தக் கேட்டில் துருப்பிடித்த சங்கிலி தொங்குகிறது. எதிரே இருந்த புரோட்டாக் கடை போய்விட்டது, லாட்ஜ் போய்விட்டது, தையல்காரர் வாசலில் செல்போனுக்குக் கவர் விற்கிறார். மில்லும் கொஞ்ச நாளில் நின்றது. வேலையில்லாத ஆண்கள் கூடி நிற்கும் தெருவில் புதிதாக ஒருவன் பைக் வாங்கினால், முதலில் பைக்கைப் பார்ப்பார்கள், அடுத்து அவன் முகத்தைப் பார்ப்பார்கள், பிறகு யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்காமல் இருப்பது எனக்குப் பிடிக்காது. தெரிந்துகொண்டும் கேட்காதவர்கள்தான் அதில் பாதிப் பேர்.

பெரியண்ணன் கொஞ்ச காலம் துறைமுகத்தில் லாரி ஓட்டினான். சின்னண்ணன் வெல்டிங் பட்டறைகளில் கூப்பிட்டால் போவான். அப்புறம் வீட்டுக்கு ஒரு குட்டியானை வந்தது. கை மாறி வந்த வண்டிதான், ஆனால் புது பெயின்ட். வாழை இலை வியாபாரம், ஆற்றங்கரை ஊர்களில் ஏற்றி மண்டபங்களுக்கு இறக்குவது என்று பெரியண்ணன் சொன்னான். வண்டியைச் சின்னண்ணன் பேரில் பதிந்திருந்தான்.

அன்றைக்கு அம்மா அழுதுவிட்டாள். தனக்கென்று எதுவும் வைத்துக்கொள்ளாமல் தம்பி பேரில் வண்டி எடுத்திருக்கிறானே என்று தெருவே பேசியது. பலசரக்குக் கடை அண்ணாச்சி, “இந்தக் காலத்துல எவன்ல இப்படிச் செய்வான்” என்று சின்னண்ணனிடம் சொல்லி, வண்டிக்குக் கட்ட எலுமிச்சம்பழத்தைச் சும்மா கொடுத்தார். எல்லோரும் சாமி பேர் எழுதுகிற இடத்தில், முன் கண்ணாடிக்கு மேலே, ‘அண்ணன் துணை’ என்று எழுதி வாங்கினான் சின்னண்ணன். எழுதியவனிடம் எழுத்து இன்னும் கொஞ்சம் பெரிசாக இருக்கட்டும் என்று நின்றுகொண்டே சொன்னான்.

அப்போது நானும் சந்தோஷப்பட்டேன்.

நான் வேலை பார்ப்பது துறைமுகத்துக்கு வரும் சரக்குகளுக்கு ஆவணம் தயார் செய்யும் ஏஜென்ட் ஆபீஸில். காகிதத்தில் இன்ன சரக்கு என்று எழுதியிருந்தால், பெட்டிக்குள் இருப்பது அதுதானா என்று ஒத்துப் பார்ப்பது என் வேலையில் பாதி. எடை பொருந்துகிறதா, அந்த ஊரில் அந்தச் சரக்கு விளையுமா, அந்த மாதத்தில் விளையுமா. மேலதிகாரிக்கு முன்பாகவே நான் தப்பைக் கண்டுபிடித்தது உண்டு. அந்தக் கண்ணை ஆபீஸிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொன்னால் எப்படி முடியும்?

முதலில் உறுத்தியது சட்டை. வீட்டில் ஞாயிறு துவைப்பு என்னுடையது. வாழையைத் தொட்டவன் சட்டையில் கறை இருக்கும்; எந்த சோப்புக்கும் அது போகாது. இரண்டு அண்ணன்கள் சட்டையிலும் கறையே இல்லை. பையில் நொறுங்கிய காய்ந்த இலைத் தூள் இருந்தது. வாழை இலை அப்படி நொறுங்காது, கிழியும். பிறகு பெரியண்ணன் போன் வந்தால் தெருமுனைக்குப் போய்ப் பேச ஆரம்பித்தான். முகூர்த்தம் இல்லாத நாளிலும் வண்டி சாயங்காலம் போய் மறுநாள் வரும். கல்யாணமே இல்லாத நாளில் இலை யாருக்கு என்று நினைத்தேன். அம்மாவிடம் சட்டையைக் காட்டினேன். அம்மா வாங்கிப் பார்த்தாள், கொடியில் போட்டாள், உப்பளத்தில் இந்த வருஷம் மழை சீக்கிரமே வந்து கெடுத்துவிட்டது என்று பேச ஆரம்பித்தாள். அம்மாவுக்குத் தெரியுமோ என்று அன்றைக்குத்தான் முதல்முதலாகத் தோன்றியது. தோன்றியதும் எனக்கு வீடே அந்நியமாகிவிட்டது. ஃபிரிட்ஜைப் பார்த்தேன். அது எப்போது வந்தது? மதினியின் காதில் இருப்பதைப் பார்த்தேன். நான் இவ்வளவு நாளும் எதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்?

இந்தக் கரையில் காய்ந்த இலை என்றால் ஒன்றுதான். பீடி இலை. மூட்டையாகக் கரைக்குப் போகும், அங்கிருந்து படகில் இலங்கைக்குப் போகும். பிடிபட்ட செய்தி வராத வாரம் இல்லை. எங்கள் ஆபீஸில் அந்தச் செய்தியை யாரும் முழுதாக வாசிக்கக்கூட மாட்டார்கள். நான் வாசிக்க ஆரம்பித்தேன். முதலில் வண்டி நம்பரைத் தேடுவேன்.

இருந்தாலும் அதுவரை எல்லாம் என் நினைப்புதான். காயல்பட்டினம் என்று அவன் வாயாலே சொன்னதும்தான் கையில் ஒன்று கிடைத்தது.

கல்லூரியில் என்னோடு படித்த தோழி அந்த ஊர்க்காரி. அவள் கல்யாணத்துக்கு நான் போயிருந்தேன். ஒடுக்கமான சந்துக்குள் ஒரு பெரிய வீடு, பெண்களுக்கென்று தனியாக உள்ளறைகள். பாயை விரித்து, பெரிய வட்டத் தட்டில் சோறும், களரி என்று அவர்கள் சொல்லும் கல்யாண விருந்தின் கறியும் கொண்டுவந்து நடுவே வைத்தார்கள். அந்தத் தட்டுக்குச் சஹன் என்று பேர். ஒரே சஹனைச் சுற்றி உட்கார்ந்து எல்லோரும் அவரவர் பக்கத்திலிருந்து எடுத்துச் சாப்பிட வேண்டும். எனக்குக் கை போகவில்லை. எங்கள் வீட்டில் அடுத்தவர் தட்டைத் தொட்டாலே எச்சில் என்பார்கள். தோழியின் உம்மா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “என்ன புள்ள பாக்குற, கைய வை. சோறு ஒன்னைக் கடிக்காது” என்றார். தானே கறியைப் பிய்த்து என் பக்கமாகத் தள்ளி வைத்தார். நான் அன்று சாப்பிட்டதைப் போல எந்தக் கல்யாணத்திலும் சாப்பிட்டதில்லை.

அந்தப் பந்தியில் எனக்கு எதிரே ஒரு வாழை இலை கிடையாது. யாருக்குமே கிடையாது.

பெரியண்ணன் அந்த ஊருக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறான். வளைகுடாவிலிருந்து வருகிறவர்களின் பெட்டிகளை இறக்கியிருக்கிறான், பீரோ ஏற்றியிருக்கிறான். எல்லாம் வாசலோடு. உள்ளே என்ன விரிக்கிறார்கள் என்று அவன் பார்த்ததில்லை. கல்யாணம் என்றால் பந்தி, பந்தி என்றால் இலை என்று அவனே முடிவு செய்துவிட்டான். ஒரு ஊரை நன்றாகத் தெரியும் என்று நினைப்பவன் மட்டுமே இப்படி ஒரு பொய் சொல்ல முடியும்.

ஆனாலும் எனக்கு என் மேலேயே சந்தேகம். வெளியூர் ஆட்களுக்குத் தனியாக இலை போடுவார்களோ? தோழிக்குப் போன் செய்தேன். அண்ணன் அங்கே வண்டி நிறைய இலை இறக்குவதாகச் சொல்லி, சும்மா கேட்பதுபோல் கேட்டேன். அவள் சிரித்தாள். “விருந்தாளிக்குன்னு கொஞ்சம் போடுவாங்க. வண்டி நிறையவா? களரிக்கா? ஒன் அண்ணனுக்கு எந்தப் புண்ணியவான் ஆர்டர் குடுத்தது?” என்றாள். அதோடு, அந்த வாரம் அவர்கள் பக்கம் கல்யாணமே இல்லை என்றாள்.

பிடிபட்டுவிட்டான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. போலீஸிடம் இல்லை, என்னிடம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் தெரியவில்லை.

அந்த நேரத்தில்தான் அடுத்த தெருவில் அது நடந்தது. ஆலையில் வாட்ச்மேனாக இருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். அவர் பேரில் மருமகன் ஒரு வேன் வைத்திருந்தான். கரைக்குப் போகிற வழியில் போலீஸார் வேனை மறித்திருக்கிறார்கள். ஓட்டியவன் கதவைத் திறந்துகொண்டு உடைமரக் காட்டுக்குள் ஓடிவிட்டான். மூட்டைகளும் வண்டியும் நின்றன. நம்பரைப் பார்த்து யார் பேரோ அந்த வீட்டுக்கு வந்தார்கள். பெரியவர் கைலியோடு நின்றுகொண்டு, எனக்கு வண்டியே ஓட்டத் தெரியாதே ஐயா என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். சட்டை போட்டுக்கொள்ள மட்டும் நேரம் கொடுத்தார்கள் என்று அண்ணாச்சி கடையில் பேசிக்கொண்டார்கள்.

நான் வாங்க வந்த சாமானை மறந்து திரும்பி நடந்தேன். எங்கள் வீட்டு முன்னால் குட்டியானை நின்றது. ‘அண்ணன் துணை’ என்ற எழுத்தை அன்றைக்குத்தான் நன்றாக வாசித்தேன். ஓட்டுகிறவன் ஓடலாம், பேர் ஓட முடியாது. வண்டியை ஓட்டுவது பெரியவன். பேர் சின்னவனுடையது. அம்மா அழுதது, தெரு மெச்சியது, எலுமிச்சம்பழம் கட்டியது எல்லாம் இதற்குத்தானா? அல்லது நான்தான் கூடப்பிறந்தவனை இப்படியெல்லாம் நினைக்கிறேனா?

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். மதினி பிள்ளைகளை டியூஷனுக்குக் கூட்டிப் போயிருந்தாள். பெரியண்ணன் வண்டிச் சக்கரத்தைக் கழுவிக்கொண்டிருந்தான். சக்கரத்தில் கடற்கரை மணல். நான் சஹனைச் சொன்னேன், சட்டையைச் சொன்னேன், இலைத் தூளைச் சொன்னேன். அவன் மறுக்கவில்லை. அதுதான் என்னைப் பயமுறுத்தியது. குழாயை அடைத்துவிட்டு, உன்னைப் படிக்க வைத்ததற்கு நல்லா விசாரணை பண்ணுகிறாய் என்று சிரித்தான். உன் ஆபீஸ் வேலைக்குப் பங்கம் வருமென்று பயப்படுகிறாய், அவ்வளவுதானே என்றான்.

“அது இருக்கட்டும். நாளைக்கு மறிச்சா யாருண்ணே உள்ள போவா?”

“யாரும் போகாண்டாம். நான் பாத்துக்கிடுதேன்.”

“வண்டி அவன் பேர்லலா இருக்கு.”

அவன் சக்கரத்தில் ஒட்டியிருந்த மணலைக் கையால் தேய்த்தான். பிறகு குரலை உயர்த்தாமல், ரொம்பச் சாதாரணமாகக் கேட்டான்.

“அவனுக்கு என்ன, பொண்டாட்டியா புள்ளையா?”

மறுபடியும் குழாயைத் திறந்துவிட்டான். அவன் கெட்டவன் என்று சொல்லிவிட்டால் எனக்கு எளிது. கல்லூரிக் கேட்டுக்கு வெளியே எனக்காக நின்றவனும் அவன்தான். ஆனால் அவன் இதை யோசித்து வைத்திருக்கிறான். வண்டி வாங்குவதற்கு முன்பே யோசித்திருக்கிறான். வீட்டில் யார் போனால் நஷ்டம் குறைவு என்று பார்த்திருக்கிறான்.

சின்னண்ணனிடம் சொன்னபோது அவனுக்குக் கோபம் வந்தது, என் மேல். இலை என்று அவனுக்குத் தெரியும், அதை ஒளிக்கவில்லை. மில் நின்ற பிறகு தன்னை மனுஷனாக நடத்தியது அண்ணன் ஒருத்தன்தான் என்றான். படிச்சவள் பார்வைக்கு எல்லோரும் கள்ளனாகத்தான் தெரிவார்கள் என்றான். அண்ணன் சொன்ன அந்த வாக்கியத்தைச் சொன்னேன். அவன் நம்பவில்லை. “அவன் அப்படிச் சொல்லியிருக்க மாட்டாம்ளா. நீ வேற மாதிரி கேட்டிருப்ப.”

“சரி, நான் சொன்னதை விடு. வண்டியை உன் பேருக்கே மாத்திக்கோண்ணேன்னு ஒரு வார்த்தை கேட்டுப் பாரு. அவன் சரின்னுட்டா நான் இனி வாயைத் திறக்க மாட்டேன்.”

அவன் கேட்பான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் கேட்டான், எல்லோர் முன்னாலும், சாப்பிடும்போது. அண்ணனுக்குத்தானே பிள்ளைகள் இருக்கின்றன, நாளைக்கு அவர்களுக்கு ஆகும் என்று பக்குவமாகத்தான் கேட்டான். முகத்தில் ஒரு சின்ன ஆசை இருந்தது. அண்ணன் சரி என்று சொல்லி என்னைத் தோற்கடிக்க வேண்டும் என்ற ஆசை.

பெரியண்ணன் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினான். “ஏலே, குடுத்ததத் திருப்பி வாங்குவானால ஒருத்தன்?” என்றான்.

மதினி அவசரமாக, ஆமாமா, அது உங்க பேர்லயே இருக்கட்டும் கொழுந்தனாரே என்றாள். அந்த அவசரத்தைச் சின்னண்ணனும் பார்த்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்த்தான். அம்மா இந்தத் தடவை யார் தட்டிலும் மீன் வைக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு எழுந்துபோய் வெளியே நின்றாள்.

மறுநாள் ஆபீஸுக்குக் கிளம்பும்போது சின்னண்ணன் வண்டியின் இன்னொரு சாவியை என் கையில் வைத்தான். இதை என்ன செய்யச் சொல்கிறாய் என்று கேட்டேன். “நீதான எல்லாம் கண்டுபுடிச்ச. இதையும் நீயே கண்டுபுடி” என்றான். கிண்டல் மாதிரிதான் இருந்தது. ஆனால் சாவியைத் திரும்ப வாங்காமலே போய்விட்டான்.

போலீஸுக்குப் போகலாமா என்று யோசித்தேன். போனால் முதலில் எழுதப்படும் பேர் சின்னண்ணனுடையது. அதே கண்ணியில்தான் போய் நிற்போம். ஆபீஸ் மேஜையில் அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பேர் அவனுடையது என்றால், விற்கும் உரிமையும் அவனுடையதுதானே. அதற்குப் பெரியண்ணன் கையெழுத்து தேவையில்லை. அவன் சம்மதமும் தேவையில்லை. தம்பியை மாட்டிவிடப் பூட்டிய பூட்டுக்குச் சாவியையும் தம்பி பேரிலேயே செய்து வைத்திருக்கிறான்.

எங்கள் ஆபீஸ் டிரைவர் ஒருவருக்கு விளாத்திகுளத்தில் மிளகாய் வத்தல் வியாபாரியைத் தெரியும். அவர் சந்தைக்கு ஓட்ட ஒரு குட்டியானை தேடிக்கொண்டிருந்தார். கண்டெய்னர் யார்டில் வெல்டர் வேண்டும் என்று சொன்னதும் அதே டிரைவர்தான். சின்னண்ணனை அங்கே கூட்டிப்போய், அவன் வாசலில் நிற்கப் பார்த்தபோது தோளைப் பிடித்து உள்ளே தள்ளினேன்.

வியாழக்கிழமை, பெரியண்ணன் மாமனார் வீட்டுக்குப் போயிருந்த பகலில், நானும் சின்னண்ணனும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினோம். வழி முழுக்க அவன் கண்ணாடியில் பின்னால் பார்த்துக்கொண்டே ஓட்டினான். எட்டயபுரம் தாண்டும்வரை நானும் பார்த்தேன். பின்னால் வந்த ஒவ்வொரு பைக்கும் எங்களுக்காகவே வருவதுபோல் இருந்தது.

வியாபாரி வண்டியைச் சுற்றி வந்தார். பின்னால் ஏறி நின்று மோந்து பார்த்தார்.

“இதுல என்னம்மா ஏத்துனிய?”

“இலை.”

“வாழ இலையா? அந்த வாட இல்லையே.”

சின்னண்ணன் என்னைப் பார்த்தான். “இல்ல அண்ணாச்சி, காஞ்ச இலை” என்றேன். அவர் எங்கள் இரண்டு பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, வத்தல் ஏறினால் எந்த வாடையும் நிற்காது என்று மட்டும் சொல்லி இறங்கினார். சின்னண்ணன் கேட்ட இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டான். முன் கண்ணாடிக்கு மேலே இருந்த எழுத்தை என்ன செய்வது என்று வியாபாரி கேட்டார். சுரண்டிவிடுங்கள் என்று அவனே சொன்னான்.

திரும்ப பஸ்ஸுக்கு நிற்கும்போது பெரியண்ணன் போன் வந்தது. வண்டி எங்கே என்று கேட்டான். சின்னண்ணன் போனை என்னிடம் நீட்டினான். வாங்கிக்கொண்டேன்.

“வித்தாச்சுண்ணே.”

சத்தம் போடுவான் என்று நினைத்தேன். “இலை ஏத்தச் சொன்ன ஆளுககிட்ட நான் என்னளா சொல்லுவேன்?” என்றான். அவன் குரலில் பயத்தைக் கேட்டது அதுவே முதல் தடவை. அவனும் ஒரு வாசலில் மாட்டிக்கொண்டு நிற்கிறான் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

“உள்ளதச் சொல்லு. தம்பி பேர்ல உள்ள வண்டி, தம்பி வித்துட்டான்னு சொல்லு. யாரு போய் விசாரிச்சாலும் அதுதான் உண்மை. சஹனுக்கு இலை எறக்குனது மாதிரி இல்லலா இது.”

அவன் போனை வைத்துவிட்டான். நம்பினானா, யாரிடம் போய் என்ன சொன்னான் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. பஸ் வந்தது. சின்னண்ணன் முதலில் ஏறி, ஜன்னலோரம் எனக்கு இடம் பிடித்தான். ரோட்டுக்கு எதிரே, கடை வாசலில், வியாபாரியின் ஆள் ஒருவன் கண்ணாடிக்கு மேலே தகட்டை வைத்துச் சுரண்டிக்கொண்டிருந்தான். ‘அண்ணன்’ போய்விட்டது. ‘துணை’ பாதி மிச்சமிருந்தது.